ஆனைக்குத் தகரம் அடிச்ச கதை

வாங்கு மோனை, வாங்கு. ஆர் வேண்டாமெண்டது? நேற்றுப் பொழுதுபடக் கொண்டு வந்து காட்டினாயே ஒரு நோட்டீஸ், அதை ராவு முழுக்கத் தலைமாட்டிலை வைச்சுக்கொண்டுதான் படுத்தனான். வடிவான வெட்டுமெசின். நல்ல சிவப்பு. சில்லுக்குப் பதிலா ரப்பர்ச் செயின். மேலை குந்தியிருந்து ஓட்டுறவனுக்குக் குடை வேறை. முற்பணத்துக்கு மருமேளின்ரை தாலிக்கொடியை அடைவு வைக்கலாம், மிச்சத்தை லீசிங்காரன் போடுவான், தவணையை வயல் கட்டும். எல்லாம் பொருந்தித்தான் வருது. கடைசியா எழும்பேக்கை, "பெரியப்பா, உது சேத்துக்குள்ளை தாங்கி மாதிரிப் போகும்" எண்டு ஒரு சொல்லுச் சொன்னாய் பார், அந்தச் சொல்லிலைதான் எனக்கு நித்திரை முறிஞ்சது.

தாங்கிக் கதையை என்னட்டைக் கதைக்கலாமோடா? இளந்தாரியா இருக்கேக்கை டோசருக்குக் கிளீனரா நிண்டு மூண்டு வரியம் கிறீஸ் பூசினவன் நான். இப்ப பேரன் போனிலை தாங்கி விட்டு விளையாடேக்கை பக்கத்திலை குந்தியிருந்து, இது எத்தினை தொன், அது எத்தினை தொன் எண்டு கேட்டுக் கேட்டுப் பாடமாக்கி வைச்சிருக்கிறன். ஜேர்மனியிலை இருக்கிற மருமோன், மாமா பொழுது போகாமல் இருக்கிறார் எண்டு ரெண்டு தடிச்ச படப் புத்தகம் அனுப்பினவன். எழுத்து ஒண்டும் விளங்கேல்லை. இலக்கம் விளங்குது. கடன் எடுக்கப் போறவனுக்கும் இலக்கம் விளங்கினால் காணும்.

முதலிலை இந்தத் தாங்கி எண்ட சொல்லு எங்கையிருந்து வந்ததெண்டு தெரியுமோ? முதலாம் உலகச் சண்டையிலை வெள்ளைக்காரன் இரும்புப் பெட்டிக்குச் செயின் பூட்டி, அதுக்குள்ளை துவக்கு வைச்சுச் செய்தான். ஆரும் கேட்டால் என்ன சொல்லுறது? தண்ணி கொண்டு போற தாங்கி செய்யிறம் எண்டு கதை கட்டி விட்டான். 1916 புரட்டாதியிலை பிரான்ஸ் பக்கம் சொம் ஆத்தங்கரைச் சண்டைக்கு அது உருண்டு வந்த பிறகும் அந்தப் பொய்ப் பேர் கழரேல்லை. நாங்கள் என்ன செய்தம்? வெள்ளைக்காரன் சொன்ன பொய்யை அப்பிடியே தமிழிலை எழுதி, சண்டை வண்டிக்கும் தாங்கி, கக்கூசுக்கு மேலை வைக்கிற பிளாஸ்ரிக் பீப்பாவுக்கும் தாங்கி எண்டு வைச்சிருக்கிறம். அவன் இரணைமடுக் குளத்தைக் கூட இங்கிலீசிலை டாங்க் எண்டுதானே எழுதுறான். உனக்கு மோன் முறையான என்ரை பேரன் ஒருநாள் ஓடி வந்து, "அப்பப்பா, நான் டாங்க் டிஸ்ரோயர் எடுத்திட்டன்" எண்ட உடனை நான் பதறிப் போனன். எந்தக் குளத்தையடா உடைக்கப் போறாய், இந்த முறை சிறுபோகம் செய்ய வேண்டாமோ எண்டு கேட்டனான். பேந்துதான் விளங்கினது, அது தாங்கியை அழிக்கிற தாங்கியாம்.

தாங்கி அழிக்கிறதெண்டால் என்னெண்டு கிளிநொச்சிச் சனத்துக்குச் சொல்லித் தரவேணுமோ? சண்டை முடிஞ்சு அகதி முகாமாலை வந்து பாக்கேக்கை ஏ9 ரோட்டோரம் எங்கடை பெரிய தண்ணித் தாங்கி, வெறி முறியாத கிழவன் மாதிரிக் குப்புறக் கிடந்தது. பஸ் பஸ்ஸா வந்து அதுக்கு முன்னாலை நிண்டு படம் எடுத்துக்கொண்டு போனவை. அங்காலை பூநகரியிலை 1993 கார்த்திகையிலை புலி இயக்கம் ஆமியின்ரை தாங்கியளையே பிடிச்சுக்கொண்டு வந்தது. அந்தச் சண்டைக்கு வைச்ச பேர் 'தவளை'. தவளை தாங்கி பிடிச்ச நாடடா இது. இஞ்சை வந்து நீ எனக்குத் தாங்கி காட்டுறாய்.

சரி, விசயத்துக்கு வருவம். போர்ஷே எண்டு ஒரு எஞ்சினியர். பேர் பெர்டினண்ட். இப்ப பணக்காரப் பொடியள் ஓடுற கார் இருக்கல்லோ, அந்தப் பேர்க்காரன்தான். ஹிட்லருக்குக் கிட்டடி ஆள். இரண்டாம் சண்டையிலை ஜேர்மன்காரனுக்குப் பெரிய தாங்கி ஒண்டு தேவைப்பட்டது. டைகர் எண்டு பேர். ரெண்டு பேரைச் செய்து காட்டச் சொன்னாங்கள். ஒண்டு ஹென்ஷல் கொம்பனி, மற்றது எங்கடை போர்ஷே. போர்ஷேக்குத் தன்ரை மெசின்தான் வெல்லும் எண்டதிலை ஒரு சந்தேகமும் இல்லை. போட்டி முடிய முன்னமே ஒஸ்ரியாவிலை நிபெலுங்கன் எண்ட தொழிற்சாலையிலை அடிச்சட்டத்தைச் செய்யச் சொல்லிப்போட்டான். நூறு அளவிலை செய்து அடுக்கியாச்சு. பொம்பிளை வீட்டுக்காரர் ஓம் எண்ட முன்னமே பந்தல் போட்டுப் பாயாசம் காய்ச்சினவன் கணக்கு. வந்த முடிவு என்ன? ஹென்ஷலுக்குத்தான் கலியாணம்.

இப்ப அந்த நூறு சட்டத்தையும் என்ன செய்யிறது? ஆக்கின பாயாசத்தை ஊத்தவோ முடியும்? ஆருக்கேனும் பரிமாறத்தானே வேணும். 90 சட்டத்துக்கு மேலை பின்பக்கமா இரும்பு அறை கட்டி, அதுக்குள்ளை 88 மில்லிமீற்றர் நெடும்பீரங்கியை வைச்சு, தாங்கி அழிப்பான் எண்டு பேர் சூட்டினாங்கள். செய்தவனின்ரை பேரையே வைச்சு 'பெர்டினண்ட்' எண்டு கூப்பிட்டாங்கள். மோனை, கவனிச்சியோ? அந்த மெசின் பிறந்தது தேவையிலை இல்லை. வாங்கின சாமானை எறிய மனம் வராமல் பிறந்தது. எங்கடை ஊரிலையும் அப்பிடிப் பிறந்த வீடு, கடை, மாட்டுப்பட்டி எல்லாம் கிடக்கு. பேர் சொன்னால் சண்டைக்கு வருவினம், நான் சொல்லேல்லை.

அதின்ரை வயித்துக்குள்ளை என்ன இருந்ததெண்டு கேள். நீ ரசிப்பாய். ரெண்டு பெற்றோல் எஞ்சின். எஞ்சின் செயினைச் சுத்தாது. எஞ்சின் ஜெனரேற்றரைச் சுத்தும், ஜெனரேற்றர் கறண்ட் தரும், அந்தக் கறண்ட் மோட்டரைச் சுத்தும், மோட்டர்தான் செயினை இழுக்கும். கியர்ப்பெட்டிக்குப் பதிலா இத்தினை கூத்து. கையைத் தலையைச் சுத்திக் கொண்டு போய் மூக்கைத் தொடுற வேலை. செப்புக்கம்பிக்கே நாடு அந்தரிச்ச நேரத்திலை மெசினுக்கு மெசின் செப்பைச் சுத்திக் கொடுத்தவங்கள். நிறை 65 தொன். உனக்கு விளங்கிற மாதிரிச் சொன்னால், மூட்டைக்கு 65 கிலோ எண்டு போட்டு ஆயிரம் மூட்டை நெல்லு ஒரே இடத்திலை குந்தியிருக்கிற நிறை. முன் தகடு 200 மில்லிமீற்றர். உன்ரை சாண் அளவுக்குத் தடிப்பு. ஆயிரம் லீற்றர் அளவிலை எண்ணெய் குடிக்கும், குடிச்சுப்போட்டு ரோட்டிலை 150 கிலோமீற்றர்தான் ஓடும். இஞ்சையிருந்து வவுனியாவுக்குப் போனால் திரும்பி வீட்டு வாசலுக்கு வராது. வயலுக்குள்ளை இறங்கினால் அதிலும் குறைவு.

கழுத்தும் இல்லை. தாங்கிக்கு மேலை சுத்துற தலை இருக்கல்லோ, அது உதுக்கு இல்லை. பீரங்கி முன்னுக்குப் பாத்தபடி கொஞ்சம் இடத்தாலை, கொஞ்சம் வலத்தாலை அசையும். பக்கத்து வீட்டுக்காரன் கூப்பிட்டால் முழு உடம்போடை திரும்ப வேணும். கழுத்துப் பிடிச்ச எங்கடை சின்னையா மாதிரி.

1943 யூலை 5. ரஷ்யாவிலை கூர்ஸ்க் எண்ட இடம். அங்கைதான் இவைக்கு அரங்கேற்றம். 90 அளவிலை கொண்டு போய் வடக்குப் பக்கம், பொனிரி எண்ட ஊர்ப்பக்கம் இறக்கினாங்கள். முன் தகட்டிலை ரஷ்யன் அடிச்ச குண்டு பட்டுத் தெறிச்சது உண்மைதான். ஆனால் ரஷ்யன் மண்ணுக்குள்ளை கண்ணி விதைச்சு வைச்சிருந்தான். நாங்கள் பயறு விதைச்ச மாதிரி விதைச்சிருந்தான். 200 மில்லிமீற்றர் தகடு முன்னாலை நெஞ்சை நிமித்திக்கொண்டு நிக்க, கண்ணி கீழை செயினைப் பிச்சது. முதல் நாலைஞ்சு நாளிலையே பாதி அளவு மெசின் நடுவெளியிலை குந்தியிட்டுது. செயின் அறுந்தால் பூட்டலாம்தான். ஆனால் ஆயிரம் மூட்டையை ஆர் இழுக்கிறது? ஒண்டை இழுக்கப் பெரிய இழுவை வண்டி நாலைஞ்சு கட்ட வேணும். குண்டு விழுற இடத்துக்கு நாலைஞ்சு வண்டியோடை ஆர் போறது? இழுக்க ஏலாததைத் தாங்களே வெடி வைச்சுத் தகர்த்துப்போட்டுப் பின்வாங்கினாங்கள். அந்த மாசம் முடியிறதுக்குள்ளை 39 போச்சு.

இன்னொரு சங்கதி. ரெண்டு கிலோமீற்றருக்கு அங்காலை நிக்கிற தாங்கியைத் துளைக்கிற பீரங்கி இருந்தது. ஆனால் பத்தடியிலை பத்தைக்குள்ளாலை ஊர்ந்து வாற ஒரு மனிசனைச் சுட, முன்னுக்கு ஒரு சின்னத் துவக்கு வைக்க மறந்துபோனாங்கள். பீரங்கிக் குழலுக்குள்ளாலையே யந்திரத் துவக்கை நீட்டிச் சுட்டுப் பாத்தவையாம். ஊதுகுழல் ஓட்டைக்குள்ளாலை ஊசி விட்டு நுளம்பு குத்தின கதை. ஜேர்மன் தாங்கிப் படையின்ரை பெரியவர் குடேரியன் கூட இந்தக் குறையைச் சொல்லி எரிஞ்சு விழுந்திருக்கிறார்.

நான் ஓரம் சாய்ஞ்சு கதைக்கிறன் எண்டு நினையாதை. வெட்டை வெளியிலை, தூரத்திலை ஒதுங்கி நிண்டு அடிக்க விட்ட இடத்திலை அது அசுரன். ரஷ்யத் தாங்கி ஐந்நூறுக்கு மேலை அடிச்சம் எண்டு அந்தப் படை கணக்கு எழுதி வைச்சிருக்கு. அது அவையே எழுதின கணக்கு. வேட்டைக்குப் போனவன் வந்து சொல்லுற பண்டிக் கணக்கையும் நாங்கள் பாதியாப் பிரிச்சுத்தானே கேக்கிறனாங்கள். ஆனால் பாதியெண்டாலும் பெரிய கணக்குத்தான். மெசினிலை பிழை இல்லை எண்டு சொல்ல வரேல்லை. அது நிக்கவேண்டிய இடம் ஒண்டு, இறக்கிவிட்ட இடம் இன்னொண்டு.

மிஞ்சின ஐம்பது அளவிலை திரும்பவும் பட்டறைக்குக் கொண்டு போனாங்கள். முன்னுக்குத் துவக்கு வைச்சாங்கள். அதிகாரி தலை நீட்டிப் பாக்க ஒரு மூடி வைச்சாங்கள். அதோடை 1944இலை பேரையும் மாத்தினாங்கள். என்ன பேர் தெரியுமோ? 'எலிபண்ட்.' ஆனை! வயித்துவலிக்காரனுக்குப் பேர் மாத்தினால் வலி போகும் எண்டு சாத்திரி சொன்ன மாதிரி. சாமான் கூடினதாலை நிறையும் கூடினதுதான் மிச்சம். அதிலை பதினொண்டை இத்தாலிக்கு, அன்சியோக் கடற்கரைச் சண்டைக்கு அனுப்பினாங்கள். அது மாசி, பங்குனி மழை. சதுப்பு நிலம். ரோட்டை விட்டு இறங்கினால் தாண்டு போகும், ரோட்டிலை நிண்டால் விமானம் காணும், பாலத்திலை ஏறினால் பாலம் முறியும். ஆனை ஆத்தங்கரையிலை நிண்டு யோசிச்சுக்கொண்டே நிண்டது. இண்டைக்கு உலகத்திலை முழுசா மிஞ்சினது ரெண்டு. ஒண்டு ரஷ்யாவிலை, ஒண்டு அமெரிக்காவிலை. பிடிச்சவன்தான் வைச்சுப் பாக்கிறான், செய்தவனிட்டை ஒண்டும் இல்லை.

ஆனை எண்ட உடனை உனக்கு எந்த இடம் ஞாபகம் வருது? எனக்கும் அதுதான்.

ஆனையிறவுக்கு இஞ்சையிருந்து எவ்வளவு தூரம்? உப்பளத்தைத் தாண்டேக்கை ரோட்டோரம் துருப்பிடிச்ச டோசர் ஒண்டு மேடை கட்டி வைச்சிருக்கு. சுத்தவரத் தகடு அடிச்ச டோசர். பஸ்ஸிலை போகேக்கை நீ யன்னலுக்குள்ளாலை பாத்திருப்பாய். நான் ஒருக்கா இறங்கியே பாத்தனான். டோசர் எண்டால் எனக்குப் பழைய சொந்தக்காரனைப் பாத்த மாதிரி. 1991 யூலை 10 தொடங்கி ஒரு மாசம் அங்கை சண்டை. 'ஆகாய கடல் வெளிச் சமர்' எண்டு இயக்கம் பேர் வைச்சது. பேரிலேயே எல்லாம் இருக்கு. ஒரு பக்கம் கடல்நீரேரி, மற்றப் பக்கமும் கடல்நீரேரி, நடுவிலை உப்பு வெளி. ஒரு நாய் படுக்க நிழல் இல்லாத இடம். அந்த வெளியிலை ஆமி முகாமுக்குக் கிட்டப் போறதெண்டால் மறைப்பு வேணும். இயக்கத்திட்டைத் தாங்கி இல்லை. டோசர் இருந்தது. காடு வெட்ட, வரம்பு போட, குளத்துக் கட்டு உயர்த்த வந்த டோசர். அதுக்குத் தகடு அடிச்சு விட்டாங்கள்.

டோசருக்குத் தகடு அடிச்சால் என்ன நடக்கும் எண்டு ஒரு கிளீனரைக் கேள். முதலிலை கண் போகும். சாதாரணமாவே முன்னுக்கு அலகு நிக்கிறதாலை கிட்ட நிக்கிறது தெரியாது. நாங்கள் கீழை நிண்டு கையைக் காட்டித்தான் ஓட்டுறவரைக் கொண்டு போறது. சுத்தவர இரும்பு வைச்சால் கையைக் காட்டுறவனையும் தெரியாது. பேந்து சூடு. வெய்யிலும் எஞ்சினும் ரெண்டு பக்கத்தாலையும் அவிக்கும். பேந்து வேகம். அது மாட்டு வண்டிலோடை போட்டி போடாத சாதி. எல்லாம் தெரிஞ்சுதான் உள்ளை ஏறியிருப்பினம். சுட்ட குண்டெல்லாம் தகட்டிலை தெறிக்க அது முகாம் வாசல் மட்டும் போனது. சண்டை தொடங்கி நாலைஞ்சாம் நாள், ஹசலக்க எண்ட ஊர்ப் பொடியன், காமினி குலரத்ன எண்ட ஆமிக்காரன், கையிலை குண்டோடை ஓடி வந்து டோசரிலை தொத்தி ஏறி உள்ளை போட்டான். டோசர் நிண்டது. அவனும் செத்தான். நாட்டின்ரை பெரிய வீர விருது முதன்முதலிலை அவனுக்குத்தான் குடுத்தவை. பிறகு வெத்திலைக்கேணியிலை கப்பலாலை ஆமி இறங்கி, ஆவணி 9 அளவிலை முற்றுகை உடைஞ்சது. ரெண்டு பக்கத்திலும் நூற்றுக்கணக்கிலை பிள்ளையள் போனது.

பேரனின்ரை விளையாட்டிலை தாங்கி அழிப்பானுக்கு நீட்டுக் குழல் வேணும், தடிச்ச தகடு வேணும். இந்த மண்ணிலை பேர் எழுதி மாலை போட்டிருக்கிற தாங்கி அழிப்பான் ஒரு இருபதும் சொச்சமும் வயசுப் பொடியன், ரெண்டு கையும் ரெண்டு காலும். அங்கை பலகையிலை அவன்ரை பேர் கிடக்கு. டோசருக்குள்ளை இருந்த பிள்ளையளின்ரை பேர் இல்லை. நான் சுத்திச் சுத்திப் பாத்தனான். தகட்டிலை எங்கடை பட்டறையளிலை பிடிக்கிற வெல்டிங் மாதிரியே ஒரு வெல்டிங், கொஞ்சம் கோணலா. தொட்டுப் பாக்கக் கை போனது. காவலுக்கு நிண்டவன் பாத்தான். திரும்பி வந்திட்டன்.

தேத்தண்ணி ஆறுது, குடி.

இன்னொண்டு சொல்லாட்டில் எனக்குப் பத்தியப்படாது. இங்கிலிஸ்காரன் 1944இலை ஒரு தாங்கி அழிப்பான் இறக்கினான், 'ஆர்ச்சர்' எண்டு. வில்லாளி. பழைய வலன்ரைன் தாங்கியின்ரை சட்டத்திலை பெரிய பீரங்கியை ஏத்தப் பாத்தான், முன்பக்கம் இடம் காணேல்லை. என்ன செய்தான்? பின்பக்கம் பாத்தபடி வைச்சிட்டான்! பின்னுக்கு நகர்ந்து ஒளிச்சு நிக்கிறது, அடிக்கிறது, அடிச்ச கையோடை திரும்பாமலே முன்னுக்கு ஓடிப் போறது. சுடேக்கை பீரங்கி ஓட்டுறவனின்ரை தலைப் பக்கமாத்தான் பின்னடிக்கும். சிரிக்கிறியோ? 650க்கு மேலை செய்தவங்கள், நல்லா வேலையும் செய்தது. தவணை கட்ட வழியில்லாமல் லீசிங்காரன் படலையிலை வந்து நிக்கேக்கை உனக்கு உந்த மாதிரி மெசின்தான் உதவும். முகத்தைக் காட்டாமல் மறுமொழி சொல்லிப்போட்டு அப்பிடியே பின்வளவாலை போகலாம்.

ஜேர்மன்காரன் இரண்டாம் சண்டையிலை உண்மையாத் தாங்கி அடிச்சது எதாலை தெரியுமோ? 'ஸ்ரூக்' எண்டு ஒரு சின்னன். உயரம் மனிசனை விடக் கொஞ்சம்தான் கூட. காலாட்படைக்குத் துணையாப் போகச் செய்த வண்டி. கழுத்து அதுக்கும் இல்லை, அதாலை மலிவு. பத்தைக்குப் பின்னாலை குந்தினால் தெரியாது. பழுதானால் பக்கத்திலை நிக்கிறதிலை கழட்டிப் பூட்டலாம். பத்தாயிரத்துக்கு மேலை செய்தாங்கள். அதுக்கு ஆரும் ஆனை எண்டு பேர் வைக்கேல்லை. உன்ரை கொட்டிலுக்குள்ளை சாக்கு மூடிக் கிடக்கிற லாண்ட்மாஸ்ரரைப் பாக்கேக்கை எனக்கு அந்த ஸ்ரூக் ஞாபகம்தான் வாறது.

இப்ப உன்ரை சிவப்பு மெசினுக்கு வருவம். மூண்டு தொன் எண்டு நோட்டீசிலை போட்டிருக்கு. ஆனைக்கு முன்னாலை அது முயல்தான், ஒத்துக்கொள்ளுறன். ஆனால் பத்தாம் வாய்க்கால் மதகு ஆனைக்குக் கட்டினதும் இல்லை, முயலுக்குக் கட்டினதும் இல்லை, மாட்டு வண்டிலுக்குக் கட்டினது. போன மாரியிலை ஒரு பக்கம் விறாண்டிப் போனதை நீயே என்னட்டைச் சொன்னனி. காலபோகம் வெட்ட மாசியிலை மழை அடிச்சால் உன்ரை வயலிலை மேட்டு ரெண்டு ஏக்கர் ஓடும். பள்ளத்து மூண்டு ஏக்கரிலை செயின் தாண்டால் இழுக்க ஆரிட்டைப் போவாய்? ஊர் முழுக்க அண்டைக்குத்தானே வெட்டு. எல்லாற்றை மெசினும் அண்டைக்குத்தானே தாழும். ஏக்கர் ஐஞ்சு வைச்சிருக்கிறவன் அடுத்தவன்ரை ஐம்பது ஏக்கரை நம்பித்தான் மெசின் எடுக்கிறான். அந்த அடுத்தவனும் நேற்று என்னட்டை ஒரு நோட்டீஸ் கொண்டு வந்து காட்டினவன். அது பச்சை நிறம்.

மூஞ்சையை நீட்டாதை. வாங்க வேண்டாமெண்டு நான் ஒரு சொல்லுச் சொன்னனோ? வாங்கு. கோயிலடிக்குக் கொண்டு வந்து தேங்காய் உடை. உருத்திரபுரீச்சரத்திலை ஊரிலை இல்லாத சதுர ஆவுடையாரோடை சிவன் குந்தியிருக்கிறார், அவரைக் கும்பிட்டு முன் பக்கத்திலை நல்லதா ஒரு பேர் எழுது. ஆனை எண்டு மட்டும் எழுதிப்போடாதை. வாங்க முன்னம் ஒரு நாள், மழை விட்ட அடுத்த நாளாப் பாத்து, மண்வெட்டிப் பிடி உயரத்திலை ஒரு தடி எடுத்துக்கொண்டு பள்ளத்து வயலுக்குள்ளை இறங்கு. ஒவ்வொரு பத்தடிக்கும் குத்திப் பார். நானும் வரம்பிலை நிப்பன். எங்கை எவ்வளவு தாழுதெண்டு சத்தமாச் சொல்லு, நான் எழுதுறன்.

அதுக்கு வரேக்கை உந்த நோட்டீசையும் மறக்காமல் கொண்டு வா. பின்பக்கம் வெறுமையாக் கிடக்கு, பால் கணக்கு எழுத ஒரு துண்டுக் கடதாசி இல்லையெண்டு பெரியம்மா ரெண்டு நாளாக் கேட்டுக்கொண்டு நிக்கிறா.